ஏழு வண்டி நின்ற வீடு

எங்கள் ஊரில் ஒரு நாள் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லாமல் இருந்தது. அரசாங்க வீடு யாருக்குக் கொடுப்பது என்று கணக்கெடுக்க ஆள் வந்த நாள் அது. மற்ற நாட்களில் எங்கள் ஊர் இளவட்டங்கள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவதற்கும் வண்டியில்தான் போவார்கள். அன்றைக்கு எல்லாரும் நடந்தார்கள். வண்டி என்ற பொருளைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தார்கள்.

நாற்பது சொச்சம் வீடு. ஜவ்வாது மலையில் இதை ஊர் என்போம். கீழே திருப்பத்தூரில் இதைவிடப் பெரியதாக ஒரு சந்து இருக்கும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் பாறை சரியாத நாளில். அதனால் வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

எல்லாம் ஜீப் டிரைவர் செய்த வேலை. எங்கள் மலையில் ஆளையும் பலாப்பழத்தையும் ஒரே ஜீப்பில் திணித்து இறக்குகிற அண்ணன் அவர். தினம் கீழே போய் வருகிறவர் என்பதால் கீழே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது. அவர் ஒரு சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்காமலே சொன்னார்: "வண்டி வெச்சிருந்தா வூடு கெடயாதாம்பா. போட்டோ புடிச்சிப் போட்டுடுவாங்களாம். அப்பால என்னக் கேக்காதீங்க."

நான் அந்த அரசாணையைப் படித்திருந்தேன். சும்மா படிக்கவில்லை, சிக்னல் கிடைக்கிற பாறை வரை நடந்துபோய், போனில் இறக்கி, அங்கேயே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். இரு சக்கர வண்டி வைத்திருப்பது தடை இல்லை, பழைய விதி நீக்கப்பட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. ஊருக்கு வந்து புளியமரத்தடியில் நின்று அதைச் சொன்னேன். எங்கள் மாமா, அம்மாவுக்குத் தம்பி முறை, ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான், பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ படிச்சது போன்ல. அவரு பாத்தது ஆபீசுல."

"மாமா, இது ஆபீசுல போட்ட ஆர்டர்தான்."

"சரிடா கண்ணு. நீ பாஸ்தான், ஒத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எங்கள் ஊரில் படித்தவனிடம் மனு எழுத வருவார்கள், மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வருவார்கள். அவன் சொல்வதை நம்புவது மட்டும் கிடையாது.

கணக்கெடுக்க வருகிறவருக்கு ஊரில் வீடு காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று பஞ்சாயத்தில் கேட்டபோது நானே போய் நின்றேன். ஒழுங்காக நடக்க வேண்டும், யார் பெயரும் விடுபடக் கூடாது, யாரும் பொய் சொல்லிச் சேரக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வெறி. இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அக்கா விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. நான் போவதற்காக அவள் ஆடு மேய்த்தாள். இதை வீட்டில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை, அவளைத் தவிர. கட்டிக்கொடுத்த இடத்தில் அவள் புருஷன் போர்வெல் லாரிக்குப் போனவன், ஆந்திராப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. அவள் பெண் குழந்தையோடு எங்களிடம் வந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், மேலே பரணில் சாமை மூட்டை. அவள் ஒரு மாதம் பார்த்தாள். பிறகு அப்பாவின் நிலத்து ஓரத்தில், பலா மரத்துக்குப் பக்கத்தில், மூங்கில் தட்டி கட்டி மண் பூசி, புல் வேய்ந்து தனியாகப் போய்விட்டாள். முன்பாதி திறந்த கொட்டகை, இரண்டு ஆடு கட்ட. பின்பாதியில் அடுப்பு, உலக்கை, ஒரு தகரப் பெட்டி. மழைக்காலத்தில் அடுப்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாறும், ஒழுகாத இடம் தேடி. பெண் கீழே விடுதியில் தங்கி ஆறாவது படித்தாள். விடுமுறைக்கு வந்தால் இரண்டாவது நாளே எப்போது திறப்பார்கள் என்று கேட்பாள்.

அக்காவுக்கு ஒரு வீடு வேண்டும். தலைக்கு மேல் ஒழுகாத, பூட்டு போடக்கூடிய ஒரு வீடு. அந்தக் கணக்கெடுப்பில் எனக்கு இருந்த காரியம் அது ஒன்றுதான். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம் என்று ஆணையில் எழுதியிருந்தது. அவளுக்குத் தனி அடுப்பு இருந்தது. அதனால் கவலையே படவில்லை.

பங்குனி மாதம். கணக்கெடுக்க வந்தவர் கீழ்நாட்டு ஆள், வளைவில் ஜீப் திரும்பிய திருப்பலில் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே வீடு வீடாக நடந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் போனில் அவர் நிரப்பிய படிவத்தைத் தயாரித்தவர்கள் மலையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முதன்மைத் தொழில் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில்தான் தட்டலாம். எங்கள் ஊரில் ஒரு ஆள் ஆடியில் சாமை விதைப்பான், ஐப்பசியில் அறுப்பான், மார்கழியில் குடகுக்குக் காப்பி பறிக்கப் போவான், மாசியில் வந்து புளி உலுக்குவான், நடுவில் போர்வெல் லாரியில் குழாய் தூக்குவான். இதில் எது முதன்மை? அவர் எல்லாருக்கும் 'கூலி' என்று தட்டினார். எங்கள் ஆட்களுக்கும் அது வசதியாக இருந்தது. அரை ஏக்கர் பலாத் தோப்பு வைத்திருந்தவர்கூட அன்றைக்குக் கூலிதான்.

மிளகு பறிப்பு முடியாமல் குடகிலேயே தங்கிவிட்டவர்களின் வீடுகளில் வாசலுக்குக் குறுக்கே முள் கிளை வைத்திருந்தது. பூட்டு கிடையாது, அதுதான் பூட்டு. "காலி வூடா?" என்று கேட்டார். "இல்ல சார், வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன். அவற்றை எப்படியோ போராடி எழுத வைத்தேன். முன்பு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் சாமை வைக்கோல் இருந்தது. கூரை ஒழுகுவதால் சொந்தக்காரர்கள் பக்கத்தில் புல் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். கழிப்பறைகளில் விறகு. ஒன்றில் அடைகாக்கும் கோழி. அவர் கதவைத் திறந்ததும் அது கொத்த வந்தது. "பயன்பாட்டில் உள்ளது" என்று தட்டிவிட்டு நகர்ந்தார்.

சில வாசல்களில் தரையில் எண்ணெய்க் கறை. வண்டி நின்ற கறை. அவர் கறையைப் பார்ப்பார், வீட்டுக்காரன் வானத்தைப் பார்ப்பான். மாமா மட்டும் எங்களோடு கூடவே வந்தார், ஊர்ப் பெரியவர் என்ற கணக்கில். எதற்குக் கூடவே வருகிறார் என்று எனக்குக் கடைசி வீடு வரும்வரை புரியவில்லை.

கடைசி வீடு அக்காவுடையது. பலா மரத்தைச் சுற்றிக்கொண்டு போனால், அக்காவின் கொட்டகையில் ஏழு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்றோடொன்று ஒட்டி, கைப்பிடி கைப்பிடியில் மாட்டி, மேலே தார்ப்பாய் பாதி மூடி. ஆடுகளை அவிழ்த்து மரத்தில் கட்டியிருந்தார்கள். அக்கா காலையிலேயே புளி பொறுக்கப் போயிருந்தாள். அவளைக் கேட்கக்கூட இல்லை. ஊரிலேயே வீடென்று யாரும் நினைக்காத இடமாகப் பார்த்து ஒளித்திருக்கிறார்கள்.

"இது இன்னாப்பா, ஷெட்டா?" என்றார் அவர்.

"ஷெட்டுதான் சார்" என்றார் மாமா.

"வண்டிங்க யாருது?"

"தெரியலயே சார். கீழ்நாட்டுக்காரங்க யாராச்சும் வுட்டுட்டுப் போயிருப்பாங்க."

"ஏழு பேரும் ஒண்ணா மறந்துட்டுப் போய்ட்டாங்களா?"

"ஆமா சார்" என்றார் மாமா. முன்னால் நின்ற சிவப்பு வண்டியின் சாவி அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன்: "ஷெட்டு இல்ல சார். வீடு. பின்னாடி அடுப்பு இருக்கு. எங்க அக்கா இங்கதான் இருக்காங்க."

அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது. "உங்க அக்காவா?" என்று லேசாகச் சிரித்தார். "அதான் தம்பி காலையிலருந்து இவ்ளோ வேகமா இருக்கீங்க."

அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. காலையிலிருந்து நான் காட்டிய நேர்மையெல்லாம் அக்காவுக்கு வீடு வாங்கும் தந்திரம் என்று ஆகிவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டிகளை வெளியே தள்ளியிருக்க வேண்டும். ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்திருக்க வேண்டும். மாமாவின் பையிலிருந்த சாவியைக் காட்டியிருக்க வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. "எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்குங்க சார்" என்றேன், பெரிய உத்தமன்போல. அவர் வாசலில் நின்று படம் எடுத்தார். உள்ளே போகவில்லை, போக வழியும் இல்லை.

பட்டியல் ஆடியில் வந்தது. பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மாமாவின் பெயர் இருந்தது. மற்ற ஆறு வண்டிக்காரர்களின் பெயரும் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை.

அக்காவைக் கூட்டிக்கொண்டு கீழே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாகத் தேடி, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் பார்த்த அதே படம். அதன் கீழே: வாகன நிறுத்துமிடம், குடியிருப்பு அல்ல.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைத்தான் பார்த்தாள். திரைக்கு மிக அருகில் குனிந்து விரலை வைத்தாள். "இந்தச் செவப்பு வண்டிக்குப் பின்னால பாருங்க மேடம். கயித்துல தொங்குதே, அது எம் பொண்ணு பாவாட. லீவுக்கு வந்தப்ப வுட்டுட்டுப் போன இஸ்கூல் பாவாட. ஷெட்டுல யாராச்சும் பாவாட காயப் போடுவாங்களா?"

அந்த அம்மா நன்றாகப் பார்த்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா எழுத்துல வேணும். இந்த வண்டியெல்லாம் இன்னின்னாரோடது, அன்னிக்கி மட்டும் நிறுத்தினோம், இது அவங்க குடியிருக்கிற வீடுன்னு வண்டிக்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மறு ஆய்வுக்கு வருவாங்க, அவங்ககிட்ட குடுத்துடுங்க."

"வண்டி இருக்குன்னு எழுதினா அவங்களுக்கு வீடு போய்டுமா மேடம்?" என்று கேட்டேன், தெரிந்தே.

"அந்த ரூல் எப்பவோ போச்சே. யார் சொன்னது உங்களுக்கு?"

அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "போட்டோ எடுக்கறப்ப நீ எங்க நின்ன?"

"பக்கத்துலதான்."

"ஓ" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.

பிறகு ஒரு வாரம் நான் வீடு வீடாக மனுவோடு நடந்தேன். இந்த ஊரை நான் அந்த வாரத்தில் அறிந்துகொண்ட அளவு இருபத்து நான்கு வருஷத்தில் அறிந்ததில்லை. ஒருவர் வண்டியைக் கழுவிக்கொண்டே, கையில் ஈரத்துணியோடு, "இது என் வண்டி இல்லப்பா, மச்சானுது" என்றார். மச்சானிடம் போனேன். "அவருதுதான், நான் ஓட்டறதோட சரி" என்றான். ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் வண்டிமேல் கம்பளி போர்த்தினார்கள். கம்பளிக்கு அடியில் ஹாரன் ஒட்டிக்கொண்டு கத்தியது. அப்போதும், "இன்னா சத்தம் அது?" என்று என்னையே கேட்டார்கள்.

மாமாதான் விளக்கமாகச் சொன்னார். "டேய், உங்கக்காவுக்கு வூடு வேணாம்னு நான் சொல்வனா? அவ எனுக்குப் பொண்ணு மாரி. ஆனா ஒருத்திக்காக ஏழு பேரு வூட்ட வுட முடியுமா, நீயே சொல்லு. படிச்சவன்தான நீ."

"வீடு போகாது மாமா. மேடமே சொல்லிட்டாங்க."

"சொல்லுவாங்க. அப்பால இல்லன்னுவாங்க. டிரைவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

டிரைவரும் கேட்டு வந்து சொன்னார். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மறு ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். பட்டியலில் இருக்கிற எல்லா வீட்டையும் பார்ப்பார்களாம். வண்டி கண்ணில் பட்டால் பெயரை அடிப்பார்களாம்.

இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததை வேறெந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் ஏழு பேரும் ஏழு வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் அக்காவின் கொட்டகைக்கே வந்தார்கள். போன தடவை அங்கே வைத்துத் தப்பித்தோம், அது ராசியான இடம் என்று.

நான் அப்போது அக்காவிடம்தான் இருந்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்த முகமாக எழுந்து ஆடுகளை அவிழ்த்தாள். "வாங்க மாமா. உள்ள தள்ளுங்க, எடம் இருக்குது. அண்ணா, நீங்க கொஞ்சம் ஓரமா. அடுப்பு மேல ஏத்திடாதீங்க." ஒரு வண்டியைப் பின்னாலிருந்து அவளே தள்ளிக்கொடுத்தாள். ஏழும் உள்ளே போனதும், மூங்கில் தட்டியை இழுத்து வாசலில் சாத்தி, கயிறு கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்தாள். கொடுவாளை எடுத்து மூங்கில் பிளக்க ஆரம்பித்தாள்.

"தம்பி, அந்தப் பேப்பர எடுத்தா" என்றாள் என்னிடம்.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாம்மா?"

"ஷெட்டுக்கு வாடக வேணும் மாமா."

"வாடகயா? இன்னா வாடக?"

"ஆளுக்கு ஒரு கையெழுத்து."

"இன்னா வெளயாட்டு இது? ஆளுங்க வர்ற நேரம்."

"வரட்டும். வந்தா நான் எழுந்து தட்டியத் தொறந்து, இது எங்க மாமா வண்டி, இது இந்த அண்ணா வண்டின்னு ஒண்ணு ஒண்ணா காட்டறேன். எனுக்குப் படிக்கத்தான் தெரியாது, வண்டி தெரியும்."

ஒரு அண்ணன் முன்னால் வந்தான். கொடுவாள் ஒரு மூங்கிலை நெடுக இரண்டாகக் கிழித்தது. அவன் நின்றுவிட்டான்.

"கையெழுத்துப் போட்டா வூடு போய்டுமே" என்று ஒருவர் புலம்பினார். நான் அரசாணையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருப்பா!" என்று இரண்டு மூன்று குரல்.

"அவன் சொல்றத நீங்க நம்ப வேணாம்" என்றாள் அக்கா. "நான் சொல்றத வர்றவங்க நம்புவாங்களா மாட்டாங்களா, அத மட்டும் யோசிங்க."

தூரத்தில் கொண்டை வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. மாமா பீடியைக் கீழே போட்டார். "சரி, எழுது. ஆனா ஒளிச்சி வெச்சோம்னு எழுதாத. மானம் போய்டும். மழைக்கு ஒதுங்கினோம்னு எழுது."

"மழைக்குன்னா சரி" என்றார்கள் மற்றவர்கள். மழைக்கு ஒதுங்குவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

"அன்னிக்கி மழை இல்லையே" என்றேன். "பங்குனி மாசம். நல்ல வெயில்."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு பேர் பார்த்தது எனக்குப் பொருட்டில்லை. அக்கா கொடுவாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"பேஞ்சிதுடா" என்றாள். "எழுது."

எழுதினேன். கணக்கெடுப்பு நாளன்று திடீரென்று பெய்த கனமழையின் காரணமாக, என்று ஆரம்பித்தேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் பெருவிரல் வைத்தார்கள். அக்கா கயிற்றை அவிழ்த்ததும் ஆறு வண்டி பலா மரத்துக்குப் பின்னால் இருந்த புதருக்குள் பறந்தன. மாமா தன்னுடையதைச் சாமைக் கொல்லைக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார். வயசுக்கு நல்ல ஓட்டம்.

வந்தவர் அதே ஆள். இந்த முறையும் வாந்தி எடுத்திருந்தார். கொட்டகை காலியாக இருந்தது. அக்கா முகம் கழுவி வாசலில் நின்றாள். அவர் மனுவை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு கண்ணை எடுத்து, அன்றைக்கு உச்சி வெயிலில் என்னோடு நாற்பது வீடு நடந்தவர், என்னைப் பார்த்தார்.

"பங்குனியில கனமழையா தம்பி?"

"மலையில பெய்யும் சார்" என்றேன்.

அவர் மனுவை மடித்துப் பையில் வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து, அடுப்பைப் படம் எடுக்க உள்ளே போனார்.